மருந்துச் சோதனையில் பக்க விளைவுகளை எப்படி எண்ணுகிறார்கள்?

பலதுறை மருந்தகத்தில் புதிய மாத்திரை எழுதிக் கொடுத்தால், அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு விதமான பேச்சு தொடங்கிவிடும். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படமெடுத்துப் போட்டு, “இவ்வளவு பக்க விளைவு எழுதியிருக்கிறதே, இதைச் சாப்பிடத்தான் வேண்டுமா?” என்று சித்தி கேட்பார். “ஆயிரக்கணக்கான பேரிடம் சோதித்துப் பார்த்துத்தானே விற்பனைக்கு வந்திருக்கிறது, பயப்படாமல் சாப்பிடுங்கள்” என்று யாராவது ஒரு மருமகன் பதில் போடுவார். தாளில் உள்ளதெல்லாம் தமக்கு வந்துவிடும் என்று ஒருவர் அஞ்சுகிறார். தாளில் இல்லாதது வரவே வராது என்று மற்றவர் நம்புகிறார்.

இரண்டு பேச்சும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறப்பவை. ‘தலைச்சுற்றல் 4 விழுக்காடு’ என்று தாளில் இருந்தால், அது மாத்திரைக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஓர் அளவு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது சிலர் கேட்டு, சிலர் சொல்லி, வேறு சிலர் பெயரிட்டு, எதை அச்சிடலாம் என்று இன்னும் சிலர் முடிவு செய்த பிறகு மிஞ்சும் எண். இந்த நான்கு படிகளில் எங்கே கை தவறினாலும் எண் மாறிவிடும். அது எப்படி என்பதைத்தான் இங்கே விளக்கப்போகிறேன்.

## கசிவைக் கணக்கெடுக்கும் இரண்டு வழிகள்

சிங்கப்பூரில் 100 வீடுகள் கொண்ட ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கை எடுத்துக்கொள்வோம். எத்தனை வீடுகளில் கூரை கசிகிறது என்று கிளை அலுவலகம் அறிய விரும்புகிறது. தொலைபேசியில் புகார் வரட்டும் என்று காத்திருந்தால் ஐந்து வீடுகள் அழைக்கும். ஓர் அதிகாரி வீடு வீடாகப் போய், “கழிவறைக் கூரையில் ஈரத் திட்டு இருக்கிறதா, காட்டுங்கள்” என்று கேட்டால் 30 வீடுகள் காட்டும். புளோக் அதேதான், கசிவும் அதேதான். ஒரு கணக்கு 5 விழுக்காடு என்கிறது, மற்றொன்று 30 விழுக்காடு என்கிறது.

அதோடு முடியவில்லை. அந்த 30 வீடுகளையும் ‘சொட்டுநீர்’, ‘ஈரத் திட்டு’, ‘பெயின்ட் உரிதல்’, ‘பூஞ்சை’ என்று நான்கு தலைப்புகளில் பிரித்து எழுதி, ‘10 வீடுகளுக்கு மேல் உள்ள சிக்கல்களை மட்டும் அறிக்கையில் சேர்க்கவும்’ என்று ஒரு விதியும் போட்டால், அறிக்கையில் கசிவே இருக்காது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அறிக்கையைப் படிப்பவருக்கு அந்த புளோக்கில் கூரை நன்றாக இருக்கிறது என்றே தோன்றும்.

மருந்துச் சோதனைகளில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான்.

## கேட்டால் ஒன்று, கேட்காவிட்டால் ஒன்று

சோதனையில் சேர்ந்தவர் சில வாரங்களுக்கு ஒரு முறை மருத்துவமனைக்கு வர வேண்டும். அங்கே ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இரத்த அழுத்தம் பார்ப்பார், மீதி மாத்திரைகளை எண்ணுவார், பிறகு ஒரு பொதுக் கேள்வி கேட்பார்: “போன முறை வந்த பிறகு உடம்பில் ஏதாவது மாற்றம் உண்டா, ஐயா?”

எழுபதை நெருங்கும் நம்மவர் ஒருவர் அங்கே அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது, பக்கத்தில் மகள் மொழிபெயர்க்கிறார். “ஒன்றும் இல்லைம்மா, நன்றாகத்தான் இருக்கிறேன்.” மூன்று வாரமாக அவருக்குத் தூக்கம் சரியில்லை, ஆனால் அது இந்தப் புழுக்கத்தால் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். மலச்சிக்கல் இருக்கிறது, அதை மகள் முன்னால் சொல்லக் கூச்சம். இலவசமாகப் பார்க்கிறார்கள், குறை சொன்னால் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற தயக்கம் வேறு. படிவத்தில் ‘நிகழ்வு ஏதுமில்லை’ என்று பதிவாகிறது.

இது எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்? மனச்சோர்வுக்கான மாத்திரைகளை எடுத்துக்கொண்ட 344 பேரிடம் ஸ்பெயினில் செய்யப்பட்டு 1997ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. தாமாக வாய் திறந்து பாலுறவுச் சிக்கலைச் சொன்னவர்கள் 14 விழுக்காடு. மருத்துவர் நேரடியாகக் கேட்டபோது ஆம் என்றவர்கள் 58 விழுக்காடு. நான்கு மடங்குக்கும் அதிகம். கேட்காமல் விட்டால் வரும் எண்ணைத் தாளில் அச்சிட்டால், அந்தச் சிக்கல் வந்தவர் ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்று எண்ணி வாய் மூடிக்கொள்வார். அப்படித் தனியாக வெட்கப்பட்டு மருந்தையே நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே ஒரு விழுக்காட்டைப் பார்த்தால் முதலில் எழ வேண்டிய கேள்வி, அவர்கள் பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்களா, சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார்களா என்பது.

## மருந்தால் வந்ததா, மருந்தின்போது வந்ததா?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வலியுறுத்திக் கேட்டால் மருந்துக்குச் சம்பந்தமே இல்லாத தலைவலியும் களைப்பும் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் சோதனைகளில் ‘பாதக நிகழ்வு’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். மருந்து எடுக்கும் காலத்தில் உடலுக்கு நேரும் எந்தக் கெடுதலும் பாதக நிகழ்வுதான், காரணம் எதுவாக இருந்தாலும் சரி. அதில் மருந்தால் வந்தது என்று நம்ப இடமுள்ளவற்றையே பக்க விளைவு என்கிறோம்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது மருந்துப்போலி. பார்வைக்கு மாத்திரையைப் போலவே இருக்கும், உள்ளே மருந்துப் பொருள் இருக்காது. தமக்குக் கிடைத்தது எது என்று யாருக்கும் தெரியாதபடி பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்கிறார்கள். மருந்துக் குழுவில் தலைவலி 12 விழுக்காடு, மருந்துப்போலிக் குழுவில் 11 விழுக்காடு என்றால், மருந்தின் பங்கு அந்த ஒரு விழுக்காட்டு வித்தியாசம் மட்டுமே. அதுவும் தற்செயலாக இருக்கலாம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளைப் பற்றி நம் வீடுகளில் நிறையப் பேசப்படுகிறது. பக்க விளைவு தாங்காமல் அதை நிறுத்திவிட்ட 60 பேரை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு சோதனையில் சேர்த்தார்கள். 2020ல் முடிவு வெளியானது. ஒவ்வொருவரும் சில மாதங்கள் ஸ்டேட்டின், சில மாதங்கள் மருந்துப்போலி, சில மாதங்கள் எதுவுமே இல்லாமல் இருந்து, தினமும் தொந்தரவுக்கு மதிப்பெண் போட்டார்கள். ஸ்டேட்டின் எடுத்தபோது ஏற்பட்ட தொந்தரவில் 90 விழுக்காடு மருந்துப்போலி எடுத்தபோதும் வந்தது. தொந்தரவு பொய்யில்லை, அவர்கள் அனுபவித்தது உண்மையானதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி மாத்திரை விழுங்குகிறோம் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வந்தது. இதற்கு நோசீபோ விளைவு என்று பெயர்.

சுருக்கமாகச் சொன்னால், கேட்காவிட்டால் எண் குறைந்துபோகும். ஒப்பிடாவிட்டால் எண் பெருகிப்போகும். இரண்டையும் சரியாகச் செய்த சோதனையின் எண்ணுக்கே மதிப்பு.

## பெயர் சூட்டும் இடம்

நோயாளி சொல்லும் சொல் அப்படியே அறிக்கைக்குப் போவதில்லை. “மனது ஒரு நிலையில் இல்லை”, “அழுகையாக வருகிறது” என்று அவர் சொல்வதை ஓர் அலுவலர் மருத்துவக் கலைச்சொல் அகராதியில் தேடிப் பொருத்தமான தலைப்பில் இடுவார். உலகெங்கும் பெரும்பாலும் மெட்ரா (MedDRA) என்ற அகராதியைப் பயன்படுத்துகிறார்கள். இது தேவையான வேலைதான். ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொன்னால் கூட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு பெரிய கெடுதல் கண்ணில் படாமல் போவதற்கும் இதைவிடத் தோதான இடம் கிடையாது.

‘ஆய்வு 329’ என்று அறியப்படும் சோதனை இதற்கு உதாரணம். பதின்ம வயதினரின் மனச்சோர்வுக்குப் பராக்சிடீன் என்ற மாத்திரை உதவுமா என்று 275 பேரிடம் பார்த்தார்கள். 2001ல் வெளியான கட்டுரை, மருந்து பலன் தருகிறது, பிள்ளைகள் அதை நன்றாகத் தாங்கிக்கொண்டார்கள் என்றது. 2015ல் வேறொரு குழு மூல ஆவணங்களைத் திறந்து மறுபடி கணக்கிட்டது. தற்கொலை எண்ணமும் முயற்சியும் சார்ந்த நிகழ்வுகள் ‘உணர்ச்சி நிலையின்மை’ என்ற தலைப்பின் கீழ் புகுந்திருந்தன. அந்தத் தலைப்பைப் படிக்கும் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? பிள்ளை கொஞ்சம் எரிந்து விழுகிறான் என்றுதானே? மறு கணக்கில் மருந்துக்குப் பலனும் இல்லை, கெடுதல் அதிகமாகவும் இருந்தது.

இதோடு எல்லைக்கோடு ஒன்றும் சேர்கிறது. பல கட்டுரைகளின் அட்டவணைகள் 5 விழுக்காட்டினருக்கு மேல் வந்த நிகழ்வுகளை மட்டுமே காட்டும். ‘மனச்சோர்வு’ 3, ‘அழுகை’ 3, ‘பதற்றம்’ 3 என்று பிரிந்துகிடந்தால் ஒன்றுகூட அட்டவணைக்குள் வராது. புளோக்கில் கசிவு மறைந்த அதே வழி.

## கட்டுரையில் கெடுதலுக்கு எவ்வளவு இடம்?

ஏழு மருத்துவத் துறைகளைச் சேர்ந்த 192 சோதனைக் கட்டுரைகளை இரண்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, 2001ல் வெளியிட்டார்கள். பாதுகாப்பு பற்றிய முடிவுகளுக்குக் கொடுக்கப்பட்ட இடம் நடுமதிப்பாக (எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) ஒரு பக்கத்தில் 0.3 பங்கு. கட்டுரை எழுதியவர்களின் பெயர்களும் பணியிடங்களும் ஏறத்தாழ அதே அளவு இடத்தைப் பிடித்திருந்தன. நோயாளிகள் உணர்ந்த பாதிப்புகள் எவ்வளவு கடுமையானவை என்பதைப் போதிய அளவு எழுதியவை 39 விழுக்காடு மட்டுமே.

2016ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, ஒரே சோதனையின் வெளியான கட்டுரைகளையும் வெளிவராத ஆவணங்களையும் எதிரெதிரே வைத்தது. பாதக நிகழ்வுத் தகவல் வெளியானவற்றில் நடுமதிப்பாக 46 விழுக்காட்டில்தான் இருந்தது. வெளிவராதவற்றில் 95 விழுக்காட்டில் இருந்தது. தகவல் சேகரிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர்கள் படிக்கும் பக்கத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஊசி குத்திக்கொண்டும் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டும் அந்தத் தகவலைக் கொடுத்தவர்களுக்கு இது செய்யும் அநீதி சிறியதல்ல.

இதில் மிகவும் அறியப்பட்டது வயாக்ஸ் கதை. ரோஃபெகாக்ஸிப் என்ற இந்த மூட்டுவலி மாத்திரை 1999ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏறக்குறைய 8,000 பேர் கலந்துகொண்ட ஒரு சோதனை அதை நாப்ராக்சென் என்ற பழைய வலி மாத்திரையுடன் ஒப்பிட்டது. கட்டுரை 2000 நவம்பரில் வந்தது. வயிற்றுப் புண் குறைந்தது என்பதே முன்னணிச் செய்தி. மாரடைப்பு விவரமும் உள்ளே இருந்தது: புதிய மருந்தில் 0.4 விழுக்காடு, பழைய மருந்தில் 0.1 விழுக்காடு. ஆனால் புதிய மருந்து மாரடைப்பைக் கூட்டியது என்று அதை எழுதவில்லை. பழைய மருந்து மாரடைப்பைக் குறைத்தது என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். வித்தியாசம் ஒன்றே, படிக்கும் திசைதான் வேறு. அந்தச் சோதனையில் மருந்துப்போலிக் குழு இல்லாததால் எது சரி என்று அப்போது உறுதியாகச் சொல்லவும் வழியில்லை.

இன்னொன்றும் இருந்தது. இதய நிகழ்வுகளை எண்ணுவதை நிறுத்திய தேதி, வயிற்று நிகழ்வுகளை எண்ணுவதை நிறுத்திய தேதிக்கு முந்தியது. அந்த இடைவெளியில் புதிய மருந்தை எடுத்த மூவருக்கு வந்த மாரடைப்பு கட்டுரையில் சேரவில்லை. கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2005 டிசம்பரில் இது குறித்துத் தன் கவலையை அச்சிட்டது. அதற்குள், மருந்துப்போலியுடன் ஒப்பிட்ட வேறொரு சோதனையில் இதய ஆபத்து தெளிவாகத் தெரியவந்து, 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்தே மருந்து மீட்டுக்கொள்ளப்பட்டிருந்தது.

விதிகள் இல்லாமல் இல்லை. சோதனை அறிக்கைகளுக்கான கான்சார்ட் என்ற வழிகாட்டிக்கு, கெடுதல்களை எப்படி எழுத வேண்டும் என்ற தனி இணைப்பு 2004ல் வந்தது, பின்னர் புதுப்பிக்கவும்பட்டது. ‘மருந்து பொதுவாக நன்கு தாங்கிக்கொள்ளப்பட்டது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதக்கூடாது என்பது அதன் அறிவுரைகளில் ஒன்று. அந்த வாக்கியத்தை எங்கே கண்டாலும் எண்களைத் தேடுங்கள்.

## எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள்?

எல்லாம் நேர்மையாக நடந்தாலும் தாண்ட முடியாத ஓர் எல்லை உண்டு, அது எண்ணிக்கை. ஒரு மருந்து அனுமதி பெறும் முன் பொதுவாகச் சில நூறு முதல் சில ஆயிரம் பேர் வரைதான் அதை எடுத்திருப்பார்கள். 3,000 பேரில் ஒருவருக்குக்கூட கல்லீரல் பாதிப்பு வரவில்லை என்றால் ஆபத்து பூஜ்ஜியம் என்று பொருளா? இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. மூன்றைப் பங்கேற்றவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 3,000ல் 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று. உண்மையான ஆபத்து அவ்வளவு வரை இருக்கலாம், சோதனையில் தற்செயலாகத் தென்படாமல் போயிருக்கலாம் என்பது இதன் பொருள். ஒரு லட்சம் பேர் அந்த மருந்தை எடுத்தால் 100 பேர் வரை பாதிக்கப்பட இடமுண்டு.

கொவிட் தடுப்பூசி நேரத்தில் இதைச் சிங்கப்பூரில் நாமே பார்த்தோம். ஃபைசர் சோதனையில் பங்கேற்றவர்கள் 43,000க்கும் மேல், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் உண்மையான தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். அது பெரிய சோதனை. ஆனாலும் இளம் ஆண்களுக்கு அரிதாக வரும் இதயத் தசை அழற்சி, பல நாடுகளில் லட்சக்கணக்கானோர் போட்டுக்கொண்ட பிறகே புலப்பட்டது. ஊசி போட்டபின் கடுமையான உடற்பயிற்சியைத் தவிர்க்கும்படி 2021ல் இங்கே அறிவுறுத்தல் வந்தது அதனால்தான். சோதனையில் ஏமாற்றினார்கள் என்று அப்போது பலர் சொன்னார்கள். அது சரியல்ல. அவ்வளவு அரிதான ஒன்றை அந்த எண்ணிக்கையில் உறுதியாகக் காண முடியாது.

அடுத்தது, யாரைச் சேர்த்தார்கள் என்பது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே பல மாத்திரைகள் எடுப்பவர்கள் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். சில சோதனைகளில் முன்னோட்டக் காலம் ஒன்றும் உண்டு. எல்லாரும் சில வாரங்கள் மருந்தை எடுத்துப் பார்ப்பார்கள், தொடர விரும்பாதவர்களும் ஒத்துக்கொள்ளாதவர்களும் விலகிய பிறகே உண்மையான கணக்கு ஆரம்பமாகும். பிரிட்டனில் நடந்த புகழ்பெற்ற ஸ்டேட்டின் சோதனை ஒன்றில் முன்னோட்டத்துக்கு வந்தவர்கள் 32,145 பேர், குலுக்கலுக்குப் போனவர்கள் 20,536 பேர். விலகியவர்கள் எல்லாரும் பக்க விளைவால் விலகவில்லை என்றாலும், மிஞ்சியவர்கள் மருந்தோடு ஒத்துப்போகக்கூடியவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இனமும் மரபணுவும் முக்கியம் என்பதைக் கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்து கற்றுக்கொடுத்தது. அரிதாகச் சிலருக்கு இதனால் தோலும் வாயும் கண்ணும் கொப்பளித்து உரிந்துவிடும், உயிரே போகலாம். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்பார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரிடையே இது 10,000 பேரில் ஒன்று முதல் ஆறு பேருக்கு. ஆசிய நாடுகள் சிலவற்றில் பல மடங்கு அதிகம். எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகைக்கு இதில் வலுவான தொடர்பு இருப்பதை 2004ல் தைவான் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஐரோப்பியர்களிடம் அது கிட்டத்தட்ட இல்லை. சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் பரவலாக உண்டு, இந்தியர்களிடம் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. 2013 முதல் சிங்கப்பூரில், ஆசிய வம்சாவளியினர் இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் மரபணுச் சோதனை செய்துகொள்வதே முறையான சிகிச்சை என்று சுகாதார அமைச்சும் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் சுகாதார அறிவியல் ஆணையமும் அறிவுறுத்தின. வேற்று மக்களிடம் எடுத்த எண்ணை நம் மக்களுக்கு அப்படியே பொருத்தியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. நம்மவர்கள் சோதனைகளில் பங்கேற்க வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

## தாளைக் கையில் எடுக்கும்போது

பல தாள்களில் பக்க விளைவுகள் அடுக்கு அடுக்காக இருக்கும். ‘மிகப் பரவலானது’ என்றால் பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ. ‘பரவலானது’ என்றால் நூறில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை. ‘அவ்வளவு பரவலில்லாதது’ என்றால் 1,000ல் ஒருவர் முதல் நூறில் ஒருவர் வரை. ‘அரிதானது’ என்றால் 10,000ல் ஒருவர் முதல் 1,000ல் ஒருவர் வரை. ‘மிக அரிதானது’ அதற்கும் கீழே. நாற்பது பெயர்கள் இருந்தாலும் முதல் இரண்டு அடுக்கில் இருப்பவை சிலவே. கடைசி அடுக்கில் உள்ளவற்றின் அறிகுறிகளை மட்டும் மருந்தாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோல் கொப்பளிப்பு, மூச்சுத் திணறல், கண் மஞ்சளாவது போன்றவை வந்தால் காத்திருக்கக் கூடாது.

தாளில் இல்லாத ஒன்று உங்களுக்கு வந்தால், இல்லாததாலேயே அது மருந்தால் வந்திருக்காது என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுங்கள். அவர்கள் அதைச் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவிக்க முடியும். சோதனை முடிந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் அரிய விளைவுகள் பல இப்படி வந்த அறிக்கைகளிலிருந்தே தெரியவந்தன.

சோதனையில் சேர்ந்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். காரணம் மருந்தா, வெயிலா, வயதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் மருந்துப்போலிக் குழு இருக்கிறது. தூக்கம் கெட்டதை, மலச்சிக்கலை, படுக்கையறைச் சிக்கலை உள்ளபடி சொல்லுங்கள். தமிழில் பேசினால்தான் வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். மகள் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும் என்றும் கேட்கலாம்.

படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அமெரிக்க அரசின் கிளினிக்கல் டிரயல்ஸ் பதிவேட்டில் மருந்தின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். பல சோதனைகளுக்கு அங்கே முடிவுகளின் கீழ் பாதக நிகழ்வு அட்டவணை இருக்கும். மரணம், உயிராபத்து, மருத்துவமனையில் சேர்க்கப்படுதல் போன்ற ஆபத்தான நிகழ்வுகள் எவ்வளவு அரிதாக இருந்தாலும் அந்த அட்டவணையில் முழுமையாகக் காட்டப்பட வேண்டும். மற்றவற்றுக்கு 5 விழுக்காடு வரை எல்லைக்கோடு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. முதலில் மருந்துக் குழுவின் எண்ணையும் ஒப்பீட்டுக் குழுவின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு, பாதியில் எத்தனை பேர் விலகினார்கள், என்ன காரணத்துக்காக என்று பார்க்க வேண்டும். கட்டுரையில் ஒரு வரியில் முடிந்துபோன விவரம் அங்கே பெரும்பாலும் பல பக்கங்களாக விரிந்திருக்கும்.